கொப்புளத்தின் அயலில்

புதன்கிழமை காலை பதினொன்று இருபது. பிழை தொடங்கிய நேரம் அதுதான். அப்போது நான் தோல்நோய் மருத்துவமனையின் நிலக்கீழ் மாடியில் என் ஆய்வுகூடத்தில் இருந்தேன். எனக்கு மூன்று மாடி மேலே, ஒரு சிறிய சிகிச்சை அறையில், பருப்பளவு தோல்துண்டு ஒன்று ஒரு புட்டிக்குள் விழுந்தது. அந்தத் தோல் என் மகளுடையது. நான் பார்க்காத ஒன்றின் நேரத்தை நிமிடக் கணக்கில் எனக்குச் சொன்னவர் யார் என்பது கடைசியில் வரும்.

கழுத்தெலும்பு தேய்ந்துபோனதால் காலத்துக்கு முன்பே ஓய்வு பெற்றவள் நான். மைக்ரோஸ்கோப்புக்குக் குனிந்தவர்களுக்கு வருகிற வருத்தம் அது. எனக்குப் பிறகு அந்த ஆய்வுகூடத்தில் ஒரு தமிழ்ப் பிள்ளை ஆவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்கிறாள். இப்போது அங்கே கமெரா படமெடுத்துக் கணினியில் காட்டுகிறதாம். போன மாதம் தொலைபேசியில் கேட்டாள்: "அன்ரி, நெகட்டிவ் எண்டு எழுதேக்கை எனக்குக் கை நடுங்குது. உங்களுக்கு நடுங்கேல்லையோ?"

"எனக்கும் ஒவ்வொரு முறையும் நடுங்கினது, பிள்ளை. ஒருக்காத்தான் நடுங்கேல்லை" என்றேன்.

அந்த ஒருமுறையைத்தான் எங்கள் தமிழ்ப் பாடசாலை ஆண்டு மலருக்கு எழுதுகிறேன். எங்கள் ஆட்கள் வாய்ப்புண் என்றால் உறைப்பைக் குற்றம் சொல்லுகிறவர்கள். நானும் அப்படித்தான் சொன்னேன், தோல்நோய் ஆய்வுகூடத்தில் வேலை செய்துகொண்டே.

வேலை அனுமதிக்காகக் காத்திருந்த வருடங்கள், ஜெர்மன் படித்தது, கைக்குழந்தையோடு ஆய்வுகூடப் பயிற்சி முடித்தது, இவையெல்லாம் இந்த மலரை வாசிக்கிற எல்லாரும் பட்டவைதான். அதை விட்டுவிடுகிறேன். வேலையின் முதல் நாளிலிருந்து தொடங்கலாம்.

ஆய்வுகூடத் தலைவி டொக்டர் ரைமர்ஸ். வடகடல் கரையிலே பிறந்தவர், உயரமானவர், சிரிக்க நேரமில்லாதவர். என் கடைசிப் பெயர் சவரிமுத்து; யாழ்ப்பாணத்துக் குருநகரில் வலை வைத்திருந்த என் அப்பாவின் பெயர். முன்பு வேலை செய்த இடத்தில் என்னை "ஃப்ராவ் சவ்", அதாவது திருமதி சவ், என்று வெட்டிக் கூப்பிட்டார்கள். டொக்டர் ரைமர்ஸ் மூன்று முறை என்னைக் கொண்டு சொல்லுவித்து, நாலாவது முறை தானே சரியாகச் சொன்னார். "பெயரைச் சுருக்குகிறவர்கள் அறிக்கையையும் சுருக்குவார்கள்" என்றார். அவர் எனக்குச் சொன்ன முதல் விதி அது.

இரண்டாவது விதி இருட்டறையில் கிடைத்தது. எங்கள் வேலை இதுதான்: தோல்துண்டை உறையவைத்து, கத்தியில் மிக மெல்லிய சீவல்களாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்ட வேண்டும். அதன்மேல் ஒளிரும் சாயம் பூட்டிய மருந்தைச் சொட்டிட்டு, ஈரப்பெட்டிக்குள் அரை மணி நேரம் வைத்து, கழுவி, இருட்டில் பார்க்க வேண்டும். உடம்பின் காவல்படை தன் சொந்தத் தோலையே தாக்கியிருந்தால், தாக்கிய இடம் பச்சையாக ஒளிரும். இருட்டறைக்குள் போனால் கண் பழகும்வரை பத்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும். டொக்டர் ரைமர்ஸ் அந்தப் பத்து நிமிடமும் ஒரு சொல் பேசமாட்டார். பிறகு கேட்பார்: "என்ன தெரிகிறது?"

முதல் தடவை நான் ஆசையோடு ஒரு நோயின் பெயரைச் சொன்னேன்.

"நான் பெயர் கேட்கவில்லை. என்ன தெரிகிறது?"

"வலை தெரிகிறது."

புத்தகங்களில் தேன்கூடு என்று போட்டிருப்பார்கள். எனக்குத் தெரிந்தது வலை. அவர் பார்வைக் குழாயிலிருந்து தலையை எடுத்தார்.

"எந்த வலை? எந்த மீனுக்கு?"

"சின்னக் கண் வலை. சூடை மீனுக்கு."

"சரி. பெரிய கண் வலை என்றால் உங்களை நம்பியிருக்க மாட்டேன்" என்றார். அன்றைக்குப் பின்னேரம்தான் அவருடைய தகப்பனும் மீன்பிடிப் படகில் போனவர் என்று தெரிந்தது. அதற்குமேல் நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

அந்த வலை தெரிகிற நோய்க்குப் பெம்பிகஸ் என்று பெயர். தோலின் மேற்படையில் உயிரணுக்கள் மதிற்கற்கள் மாதிரி அடுக்கியிருக்கின்றன. ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளச் சிறு கொக்கிகள் உண்டு. இந்த நோயில் காவல்படை அந்தக் கொக்கிகளைப் பகையென்று எண்ணி அறுக்கிறது. பிடி விட்ட இடத்தில் நீர் சேர்ந்து, தொட்டாலே உடைகிற மெல்லிய கொப்புளம் வரும். பெரும்பாலும் வாயில்தான் தொடங்கும். கொப்புளம் அங்கே உடனே உடைந்துவிடும். ஆறாத புண்தான் கண்ணில் படும். கோர்ட்டிசோன் வராத காலத்தில் இந்த நோய் வந்தவர்களில் அநேகர் பிழைக்கவில்லை. இப்போது பிழைக்கலாம். ஆனால் நேரத்துக்குக் கண்டுபிடிக்க வேண்டும்.

இதற்கு ஒரு ஒன்றுவிட்ட சகோதரம் உண்டு, பெம்பிகாய்ட். அதில் மேற்படை முழுவதும் அடித்தளத்திலிருந்து கழன்றுபோகும். கொப்புளம் இறுக்கமாக, தடித்த கூரையோடு இருக்கும். வயதானவர்களுக்கு வருவது, கொப்புளம் வருவதற்கு மாதக்கணக்காக முன்பே சொறி தொடங்கிவிடும். மைக்ரோஸ்கோப்பில் வலை இராது. தோலின் அடியில் ஒரே ஒரு கோடு, பேனையால் இழுத்த மாதிரி.

அந்தக் கோட்டை மறக்க முடியாதபடி செய்தவர் ஒரு கிராமத் தேவாலயத்தில் ஓர்கன் வாசித்த கிழவர். ஒரு வருடம் சொறிந்திருக்கிறார். சிரங்குப் பூச்சி என்று மூன்று முறை மருந்து பூசி, கடைசியில் வீட்டு மெத்தையையும் எரித்துவிட்டார்கள். "மனுசியின் சீதன மெத்தை, அதைவிட என்னை எரித்திருக்கலாம்" என்று வார்டில் பகிடி விட்டாராம். அவரிடமிருந்து எங்களுக்கு வந்த துண்டைக் கொப்புளத்தின் நடுவிலேயே வெட்டியிருந்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. கொப்புளத்துக்குள் எல்லாம் சிதைந்திருக்கும். சாட்சி சொல்ல ஆள் மிஞ்சாது. பக்கத்தில், கண்ணுக்கு நல்லாயிருக்கிற தோலில்தான் தாக்குதலின் அடையாளம் அப்படியே நிற்கும். டொக்டர் ரைமர்ஸ் துண்டோடு வந்த தாளின் கீழே எழுதித் திருப்பி அனுப்பினார்: "வீட்டுக்காரர் பேசும் நிலையில் இல்லை. தயவுசெய்து அயலவரை அனுப்பவும்." அடுத்த நாள் அயலவர் வந்தார். கோடு பளிச்சென்று தெரிந்தது. கிழவர் அடுத்த நத்தாருக்கு ஓர்கன் வாசித்தார்.

மூன்றாவது விதிதான் முக்கியமானது. வெள்ளிக்கிழமை மத்தியானம் டொக்டர் ரைமர்ஸ் அந்தக் கிழமையின் நெகட்டிவ் தகடுகளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்ப்பார். பொசிட்டிவைத் தொடமாட்டார். "இருக்கிறது என்பதற்குச் சாட்சி இருக்கிறது. இல்லை என்று சொல்லுகிறவர்தான் விசாரணைக்கு வரவேண்டும்" என்பார். அதற்காக எந்தப் புட்டியையும் வெள்ளிக்கிழமைக்கு முன் எறியக் கூடாது.

அங்கே முதல் பதினைந்து வருடத்தில் என் கண்ணை அவர் நம்பத் தொடங்கினார். நானும் நம்பத் தொடங்கினேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, கெட்டிக்காரியாகத்தான் இருந்தேன். மற்றவர்கள் திணறுகிற தகட்டை என்னிடம் கொண்டுவருவார்கள்.

உலகக் கோப்பை உதைபந்தாட்டம் ஜெர்மனியில் நடந்த கோடை அது. கார்களிலெல்லாம் கொடி பறந்தது. என் மகள் ஷாமினிக்குப் பத்தொன்பது வயது. மூக்குக்கண்ணாடிக் கடையில் ஆவுஸ்பில்டுங் செய்துகொண்டிருந்தாள். வைகாசி மாதத்திலிருந்து என் கறியைத் தொடவில்லை. வெறும் யோகட், ஊறவைத்த வெள்ளைப் பாண், சொதி.

"உறைப்பு வேண்டாம் அம்மா. வாய் எரியுது."

"இவ்வளவு நாளும் எரியாத வாய் இப்ப எங்காலை எரியுது?"

என் கணவர் அருள்ராஜ் பாண் தொழிற்சாலையில் இரவு முறை வேலை. காலையில் வந்து கோப்பையைப் பார்ப்பார். "இஞ்சேர், பிள்ளை ஒண்டும் தின்னுறாள் இல்லை."

"டயற் பண்ணுறா. கடையிலை நிக்கிற பெட்டையள் எல்லாம் ஈர்க்குக் கணக்காத்தானே இருக்கினம்" என்றேன். எனக்குள்ளே கோபமும் இருந்தது. என் கை ருசி அவளுக்குப் பிடிக்காமல் போய்விட்டது, இந்த ஊர்க்காரி ஆகிவிட்டாள் என்று நினைத்தேன். குடும்ப வைத்தியர் வாய் கொப்பளிக்க மருந்து கொடுத்தார். நானும் தேன் தடவினேன், கறித்தூளைப் பாதியாகக் குறைத்தேன். அவளுடைய வாயைத் திறந்து வெளிச்சத்தில் ஒருமுறை பார்க்கவில்லை. ஒரு நாளைக்குப் பத்துப் பேருடைய தோலைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருகிறவள் நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் புறப்படும்போது, சட்டையின் சிப்பைப் பூட்டிவிடச் சொல்லித் திரும்பி நின்றாள். தோட்பட்டையில் பையின் வார் உரசுகிற இடத்தில் ஒரு கொப்புளம். ஒரு யூரோக் காசளவு, நனைந்த கடதாசி மாதிரித் தொய்ந்த கூரை. அதன் பக்கத்து நல்ல தோலில் விரலை வைத்து மெல்ல அழுத்தி நகர்த்தினேன். தோல் தன் இடத்தைவிட்டு வழுக்கிப் போனது.

பெம்பிகஸில் தோல் இப்படி வழுக்கும் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். மனித உடம்பில் பார்த்ததில்லை. ஆய்வுகூடக்காரருக்குத் தகடுதான் வரும், ஆள் வருவதில்லை. இத்தனை வருடமும் கண்ணாடிக்கு அடியில் பார்த்த நோயை அன்றுதான் முதல் தடவையாகத் தொட்டேன்.

"ஆ! என்னம்மா செய்யிறீங்கள்?"

"ஒண்டுமில்லை பிள்ளை. பை வார் உரசினது."

"அப்ப ஏன் உங்கட முகம் வெளிறிப் போச்சு?"

பூசைக்குப் போகவில்லை. செவ்வாய்க்கிழமை எங்கள் மருத்துவமனையிலேயே வார்டில் சேர்த்தோம். அவளால் அதற்குள் தண்ணீரைக்கூட நோகாமல் விழுங்க ஏலாமல் போயிருந்தது.

இங்கேதான் என் பிழை தொடங்குகிறது. ஆய்வுகூடத்தில் ஒரு விதி உண்டு: சொந்தக்காரரின் துண்டு வந்தால் சொல்லிவிட்டு விலகவேண்டும். அது ஜெர்மன்காரருக்குச் சுலபம். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரே கடைசிப் பெயர். தாளைப் பார்த்தவுடன் யாருக்கும் தெரிந்துவிடும். எங்களுக்கோ எனக்கு என் அப்பாவின் பெயர், அவளுக்கு அவளுடைய அப்பாவின் பெயர். நான் ஃப்ராவ் சவரிமுத்து, அவள் ஃப்ராவ் அருள்ராஜ். பள்ளிக்கூடத்திலும் அலுவலகங்களிலும் "நீங்கள் உண்மையிலே தாய்தானா?" என்று கேட்டு, பிறப்புச் சான்றிதழ் காட்டச்சொல்லி என்னை வருத்திய அந்த வித்தியாசம் அந்தக் கிழமை எனக்கு வசதியாகப் போயிற்று. நான் சொல்லவில்லை. சொன்னால் துண்டு என் கூட்டாளி ஹைக்கவுக்குப் போகும். ஹைக்க வேலையில் கெட்டிக்காரி. ஆனால் என் பிள்ளையின் தோலைப் பார்க்க என் கண்ணைத் தவிர வேறொரு கண்ணையும் நான் நம்பவில்லை.

புதன்கிழமை பின்னேரம் புட்டி வந்தது. நீல மூடி, உப்புக் கரைசல், சரியான புட்டி. தோல்துண்டுகள் இரண்டு விதமான புட்டிகளில் வரும் என்பதை இங்கே சொல்லவேண்டும். சாதாரணப் பரிசோதனைக்குப் போகிற துண்டை மஞ்சள் மூடிப் புட்டியில் ஃபோர்மலினில் போடுவார்கள். அது தோலைக் கெட்டியாக்கிப் பழுதாகாமல் காக்கும். எங்களுக்கு வருகிற துண்டு ஃபோர்மலினைத் தொடவே கூடாது. தொட்டால் நாங்கள் தேடுகிற அடையாளம் அழிந்துவிடும். துண்டு இருக்கும், சாட்சி ஊமையாகிவிடும்.

"அருள்ராஜ்... உங்கள் நாட்டவரா?" என்று ஹைக்க தாளைப் பார்த்துக் கேட்டாள்.

"எங்கள் பக்கத்துப் பெயர்தான்" என்றேன். பொய்யில்லை. ஆனால் ஹைக்க கேட்டதற்குப் பதிலும் இல்லை.

உறையவைத்தேன். சீவினேன். அன்றைக்குக் கத்தி அவ்வளவு அழகாக ஓடியது. பச்சைத் தோல் சீவும்போது சுருளும், கிழியும், ஈரத் துணி மாதிரி முரண்டு பிடிக்கும். இது பாற்கட்டி மாதிரி வழுவழுவென்று வந்தது. கவனித்தேன். என் கை நல்ல கை என்று நினைத்துக்கொண்டேன்.

இருட்டறையில் பத்து நிமிடம் இருந்தேன். செபம் சொன்னேன். குனிந்தேன். வலை இல்லை. கோடு இல்லை. ஐந்து தகடுகளையும் பார்த்தேன், மங்கலான ஒரே பச்சை. கண்ணீரில் கண்ணாடி மங்கியது. துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தேன். இல்லை. கை நடுங்காமல் "நெகட்டிவ்" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

வியாழக்கிழமை வேலை முடிந்து மேலே போனேன். ஷாமினி கட்டிலில் சாய்ந்திருந்து உறிஞ்சு குழாயால் குளிர்ந்த பால் குடித்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் பாத்தனான். ஒண்டுமில்லை" என்றேன்.

"உண்மையாவோ?"

"அம்மாவின்ர கண் பிழைக்காது."

சிரிக்கப் பார்த்தாள், உதடு வெடித்து இரத்தம் கசிந்தது. அதே நாளில் சாதாரணப் பரிசோதனைக்கென்று வெட்டி ஃபோர்மலினில் அனுப்பிய மற்றத் துண்டிலும், கொப்புளத்தின் கூரை வெட்டும்போதே கிழிந்திருந்ததால் எதுவும் சொல்ல முடியவில்லையாம். எங்கள் அறிக்கையை வைத்துக்கொண்டு வார்டின் பெரிய வைத்தியர் இது ஒரு வைரஸ் புண், திங்கட்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்று முடிவு செய்தார். அன்று மாலை அவளுடைய முதுகில் புதிதாக இன்னும் இரண்டு கொப்புளம் இருந்தது. அவளுக்குத் தெரியாது; நான் பார்த்தேன். பார்த்தும் என் தகட்டைத்தான் நம்பினேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் டொக்டர் ரைமர்ஸ் வழக்கம்போல நெகட்டிவ்களோடு இருட்டறைக்குள் போனார். என்னையும் கூப்பிட்டார். நாலு பேருடைய தகடுகள் சரி, சரி என்று நகர்ந்தன. ஐந்தாவது ஷாமினியுடையது; அதில் நின்றார். நெடுநேரம் நின்றார்.

"ஃப்ராவ் சவரிமுத்து. என்ன தெரிகிறது?"

"ஒன்றும் தெரியவில்லை."

"ஆம். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. உயிருள்ள தோலில் எப்போதும் கொஞ்சம் அழுக்கு இருக்கும். இரத்தக் குழாய் கொஞ்சம் மினுங்கும், அங்கங்கே ஒரு பொட்டு இருக்கும். இது கழுவிக் கவிழ்த்த கோப்பை மாதிரி இருக்கிறது." தலையை எடுத்தார். "சீவும்போது எப்படி இருந்தது?"

பாற்கட்டி மாதிரி வந்த அந்தச் சீவல்கள் எனக்கு நினைவு வந்தன.

"முரண்டு பிடித்ததா?"

"இல்லை. மிக இலகுவாக வந்தது."

"அதைக் கவனித்தீர்களா?"

"கவனித்தேன். சந்தோசப்பட்டேன்."

விளக்கைப் போட்டார். நீல மூடிப் புட்டியை எடுத்து மணந்து பார்த்தார், ஃபோர்மலின் மணம் இல்லை, உப்புத் தண்ணீர்தான். வார்டுக்குத் தொலைபேசி எடுத்தார். துண்டை வெட்டியவர் டொக்டர் கெல்லர், வேலைக்கு வந்து இரண்டு மாதமேயான இளம் பெண். "சரியான புட்டியில்தான் போட்டேன்" என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது. பெரிய வைத்தியரோ, சந்தேகத்துக்காக ஒரு நோயாளியை இரண்டாம் முறை வெட்ட முடியாது, நோயாளியும் சம்மதிக்கமாட்டாள், திங்கட்கிழமை வீட்டுக்கு அனுப்பப்போகிறோம் என்றார். டொக்டர் ரைமர்ஸ் தொலைபேசியை வைத்தார்.

அப்போதுதான் சொன்னேன். "அது என் மகள்."

கண்ணாடியைக் கழற்றினார். கோபப்பட்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

"துண்டு வரும்போதே தெரியுமா?"

"தெரியும்."

"அப்படியானால் அந்த மைக்ரோஸ்கோப்பில் இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். நான் வேலைக்கு எடுத்தது ஒருவரைத்தான்." பிறகு என் வெள்ளை அங்கியின் பொத்தானைத் தொட்டுக் காட்டினார். "இதைக் கழற்றிவிட்டு மேலே போங்கள். இன்றைக்கு நீங்கள் அம்மா மட்டும். பிள்ளையைச் சம்மதிக்கவையுங்கள். டொக்டர் கெல்லரிடம் நான் பேசுகிறேன்."

அங்கியைக் கழற்றிக்கொண்டு படியேறினேன்.

"பிள்ளை, இன்னொருக்கா வெட்டவேணும்."

"ஏன்? நீங்கள்தானே ஒண்டுமில்லை எண்டனீங்கள்."

"பிழைச்சுப் போச்சு. துண்டு பழுதாப் போயிருக்கலாம் எண்டு தலைவி நினைக்கிறா."

"ஆர் பழுதாக்கினது?"

"தெரியாது. இல்லையெண்டுதான் சொல்லினம்."

"அப்ப பழுதாகேல்லை. உங்கட கண்தான் பழுது. எங்கட கடைக்கு வாங்கோ, சோதிச்சு ஒரு நல்ல கண்ணாடி போட்டுவிடுறன்." பகிடிதான். ஆனால் அடுத்த சொல்லில் அழுதாள். "நான் உங்களைத்தானே நம்பினனான், அம்மா. நீங்கள் சொன்னதாலைதானே நேற்று ராத்திரி நித்திரை கொண்டனான். இனி ஆர் வந்து என்ன சொன்னா நான் நம்புறது? ஒருக்கா வெட்டினது இன்னும் நோகுது. ஏலாது. வெட்டினவவே வந்து பிழையெண்டு சொல்லட்டும், அப்ப பாப்பம்."

சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டாள். அவளுக்கு வயது பதினெட்டைக் கடந்துவிட்டது. அவள் ஓம் என்று சொல்லாமல் யாராலும் கத்தியைத் தொட முடியாது. திங்கட்கிழமை வாய் கழுவுகிற மருந்தோடு வீட்டுக்குப் போவாள். முதுகில் இரண்டு, அடுத்த கிழமை பத்து, பிறகு கிருமி. எந்த வரிசையில் வரும் என்று எனக்கு மனப்பாடம்.

மலரை வாசிக்கிறவர்கள் பதறாமல் இருக்க முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆய்வுகூடத்துக்குத் திரும்பவும் ஒரு துண்டு வெட்டப்பட்டது. அதைச் சீவியது ஹைக்க, பார்த்தது டொக்டர் ரைமர்ஸ். வலை இருந்தது, சின்னக் கண் வலை. இரத்தத்திலும் பிடிபட்டது. கோர்ட்டிசோனில் ஷாமினியின் முகம் பூசணிக்காயாக வீங்கியது. முகம் பார்க்கிற கண்ணாடியைத் துணியால் மூடிவைத்தாள். ஆவுஸ்பில்டுங் ஒரு வருடம் பிந்தியது. போன நத்தாருக்கு என் நண்டுக் கறியில் உறைப்புக் காணாது என்று சண்டை பிடித்தாள். நான் அதற்குப் பிறகும் அந்த மைக்ரோஸ்கோப்பில் வேலை செய்தேன், நல்லாகவே செய்தேன். கத்தி இலகுவாக ஓடுகிற நாளில் நிறுத்திவிட்டுப் புட்டியைப் பார்ப்பேன். அது மட்டும்தான் மாறியது. ஆனாலும் இன்றைக்கும் ஷாமினி யோகட் கோப்பையை எடுத்தால் என் கண் முதலில் அவளுடைய வாய்க்குத்தான் போகும்.

இதெல்லாம் பிறகு நடந்தவை. அந்த வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒன்றும் தீரவில்லை. ஷாமினி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளுடைய காலடியில் இருந்தேன். வெளியே யாரோ காரில் ஹோர்ன் அடித்துக் கொடியாட்டிப் போனார்கள்.

கதவைத் தட்டிக்கொண்டு டொக்டர் கெல்லர் வந்தார். தொலைபேசியில் அவருடைய குரலைக் கேட்டிருக்கிறேன், ஆளை அன்றுதான் பார்த்தேன். என் மகளைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும். வேலை முடிந்து உடுப்பு மாற்றிவிட்டார். தோளில் பை, கையில் சைக்கிள் ஹெல்மெட். வீட்டுக்குப் புறப்பட்டு, பாதி வழியில் திரும்பி வந்திருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். பிறகு கட்டிலைச் சுற்றிச் சுவர்ப் பக்கம் போய், ஷாமினியின் முகத்துக்கு நேரே குந்தியிருந்தார். ஹெல்மெட்டை நிலத்தில் வைத்தார்.

"ஃப்ராவ் அருள்ராஜ், புதன்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு உங்கள் தோலை நான் மஞ்சள் மூடிப் புட்டியில் போட்டுவிட்டேன். உடனே தெரிந்தது. மணிக்கூட்டைப் பார்த்தேன். இடுக்கியைத் தேடி வெளியே எடுக்க மூன்று நிமிடம் ஆயிற்று. கழுவி நீல மூடிக்கு மாற்றினேன். மூன்று நிமிடம்தானே, ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். இன்றைக்கு மத்தியானம் கேட்டபோது பயத்தில் பொய் சொன்னேன். உங்கள் அம்மா பார்ப்பதற்கு அதில் நான் எதையும் விட்டுவைக்கவில்லை. பெரிய வைத்தியரிடமும் டொக்டர் ரைமர்ஸிடமும் இப்போதுதான் சொல்லிவிட்டு வருகிறேன். இன்னொருமுறை வெட்டவேண்டும். வெட்டுவது நானாக இருக்கவேண்டியதில்லை, யார் வேண்டுமென்று நீங்களே சொல்லுங்கள்." பைக்குள் கையை விட்டு ஒரு நீல மூடிப் புட்டியை எடுத்து ஷாமினியின் உள்ளங்கையில் வைத்தார். "ஆனால் இந்தமுறை புட்டியை நீங்களே பிடித்துக்கொண்டிருங்கள்."